எஸ்.எஸ்.எச். சாவிமுறை உள்நுழைவு: தவறு காணலும் திருத்தலும்

மாணவர்களே, பொதுச் சாவி, அந்தரங்கச் சாவி என்பவற்றின் வரைவிலக்கணங்களை நீங்கள் ஏற்கனவே மனனம் செய்திருப்பீர்கள். ஒரு சாவியால் பூட்டியதை மற்றைய சாவியால் திறக்கலாம் என்று எழுதிப் புள்ளியும் பெற்றிருப்பீர்கள். ஆனால் "இரு சாவிகளும் சரியானவை, இருந்தும் லினக்ஸ் சேவையகம் பயனரை உள்ளே அனுமதிக்கவில்லை. காரணம் யாது?" என்று வினா அமைந்தால் வரைவிலக்கணம் மட்டும் கைகொடுக்காது. வலையமைப்பு, மறைகுறியாக்கம், பணிசெயல் முறைமையின் கோப்பு அனுமதிகள் ஆகிய மூன்று அலகுகளும் இங்கே ஒன்றாகச் சந்திக்கின்றன. ஆகவே இதனை ஒருமுறை தெளிவாக விளங்கிக்கொள்வது நன்று.

(குறிப்பு: கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் இங்கு ஒலிப்பின்படி தரப்பட்டுள்ளன. கணினியில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சுச் செய்தல் வேண்டும்.)

எஸ்.எஸ்.எச். என்பது யாது?

தொலைவிலுள்ள கணினியொன்றினுள் பாதுகாப்பாக உட்புகுந்து கட்டளைகளை வழங்க உதவும் நடப்பொழுங்கே எஸ்.எஸ்.எச். ஆகும். இதற்கு முன்னர் டெல்நெட் போன்றவை பயன்பட்டன. அவற்றில் கடவுச்சொல் எவ்வித மறைப்புமின்றி வலையமைப்பினூடாகச் சென்றது. 1995 ஆம் ஆண்டு பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழினுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்டதைத் தொடர்ந்து, அங்கிருந்த ஆய்வாளரான டாட்டு யுலோனென் இந்நடப்பொழுங்கின் முதற் பதிப்பை உருவாக்கினார். இதற்கு ஒதுக்கப்பட்ட துறை இலக்கம் 22 ஆகும். இன்று லினக்ஸ் சேவையகங்களில் பெரும்பாலும் காணப்படும் ஓப்பன் எஸ்.எஸ்.எச். மென்பொருள் 1999 டிசம்பரில் வெளிவந்தது.

உள்நுழைவு நிகழும் ஒழுங்கு

தவறு காண்பதற்கு முன்னர் சரியான ஒழுங்கை அறிந்திருத்தல் வேண்டும். முதலில் சேவைப்பயனர் கணினி, சேவையகத்தின் 22 ஆம் துறையுடன் இணைப்பை ஏற்படுத்துகின்றது. அடுத்து சேவையகம் தனது சொந்தச் சாவியைக் கொண்டு "நான் இன்ன சேவையகம்" என நிரூபிக்கின்றது. அதன் பின்னரே பயனரின் முறை வருகின்றது. பயனரின் கணினி, பயனர் பெயரையும் பொதுச் சாவியையும் முன்வைக்கின்றது. சேவையகம் அப்பயனரின் ஹோம் கோப்புறையினுள்ளே, புள்ளியில் தொடங்கும் எஸ்.எஸ்.எச். என்ற மறைந்த கோப்புறையில் இருக்கும் ஓதரைஸ்ட் கீஸ் என்ற கோப்பைத் திறந்து, அப்பொதுச் சாவி அதில் உள்ளதா எனப் பார்க்கின்றது. இருந்தால் "இச்சாவியை ஏற்பேன், கையொப்பமிடுக" என்கின்றது. பயனரின் கணினி அந்தரங்கச் சாவியால் இலக்கமுறைக் கையொப்பம் இடுகின்றது. சேவையகம் அதனைப் பொதுச் சாவியால் வாய்ப்புப் பார்க்கின்றது.

இங்கு ஒரு விடயத்தை அவதானிக்கவும். "சேவையகம் ஓர் எழுமாற்று எண்ணைப் பொதுச் சாவியால் மறைகுறியாக்கி அனுப்பும், பயனர் அதனை அவிழ்த்துக் காட்டுவார்" எனச் சில நூல்களில் காணப்படும் விளக்கம் எஸ்.எஸ்.எச். முதலாம் பதிப்புக்கே பொருந்தும். இன்று வழக்கிலுள்ள இரண்டாம் பதிப்பில் நடைபெறுவது கையொப்பமாகும். இரு முறைகளிலும் அந்தரங்கச் சாவி பயனரின் கணினியை விட்டு வெளியே செல்வதில்லை. இதனை எழுத மறந்துவிடாதீர்கள்.

சாவியோடு தொடர்பற்ற தவறுகள்

திரையில் தோன்றும் செய்தியை முழுமையாக வாசித்தால் பாதி வேலை முடிந்துவிடும். நீண்ட நேரம் காத்திருந்து "டைம்ட் அவுட்" என வந்தால் முகவரி பிழையாக இருக்கலாம், அல்லது தீச்சுவர் தடுத்திருக்கலாம். உடனேயே "கனெக்ஷன் ரிபியூஸ்ட்" என வந்தால் பெரும்பாலும் அத்துறையில் எஸ்.எஸ்.எச். சேவை இயங்கவில்லை. இவ்விரண்டு நிலைகளிலும் சாவியைப் பரிசோதித்துப் பயனில்லை. உரையாடல் அந்தக் கட்டத்துக்கு வரவேயில்லை.

"ஹோஸ்ட் கீ வெரிபிகேஷன் பெயில்ட்" என்பது வேறு வகையானது. முன்னர் கண்ட சேவையகச் சாவியும் இப்போது கண்ட சாவியும் வேறுபடுகின்றன என்பதே அதன் பொருள். சேவையகத்தில் பணிசெயல் முறைமை மீள நிறுவப்பட்டிருந்தால் இவ்வாறு நேரும். இடையில் எவரேனும் சேவையகம் போல் நடித்தாலும் இவ்வாறே நேரும். பலர் பழைய பதிவை உடனே அழித்துவிட்டுத் தொடர்வர். அது தவறு. சேவையகத்தைப் பராமரிப்பவரிடம் கேட்டு உறுதிப்படுத்திய பின்னரே அழித்தல் வேண்டும்.

"பெர்மிஷன் டினைட்" – ஏன் இவ்வளவு சுருக்கம்?

எமது பாடத்துக்கு உரிய செய்தி இதுவே. "பெர்மிஷன் டினைட்" என்றும், அடைப்புக்குறிக்குள் "பப்ளிக்கீ" என்றும் தோன்றும். அடைப்புக்குறிக்குள் இருப்பது தவறின் காரணம் அன்று. சேவையகம் இன்னும் ஏற்கத் தயாராக உள்ள முறைகளின் பெயரே அது. "பப்ளிக்கீ" மட்டும் இருந்தால் கடவுச்சொல் முறை மூடப்பட்டுள்ளது என அறியலாம்.

காரணத்தைச் சேவையகம் ஏன் கூறுவதில்லை? அப்பெயரில் பயனர் இல்லை, அல்லது கோப்பில் சாவி இல்லை எனக் கூறினால் அது அத்துமீறி நுழைய முயல்பவருக்கும் உதவியாகிவிடும். ஆகவே வெளியே நிற்பவருக்கு ஒரே பதில். உண்மையான காரணம் சேவையகத்தின் உள்ளே, பதிவுக் கோப்பில் எழுதப்படும். டெபியன், உபுண்டு வகைகளில் வார் கோப்புறையினுள் லொக் கோப்புறையில் ஓத் டொட் லொக் என்ற கோப்பிலும், ரெட் ஹெட் வகைகளில் அதே இடத்தில் செக்யூர் என்ற கோப்பிலும் இதனைக் காணலாம். அக்கோப்பு இல்லாத புதிய நிறுவல்களில் ஜேர்னல் சிடிஎல் என்ற கட்டளை உதவும். இவற்றைப் பார்க்க ரூட் அதிகாரம் தேவை.

பயனர் பக்கத்தில் செய்யக்கூடியது, எஸ்.எஸ்.எச். கட்டளையுடன் சிறு கோடும் 'வி' எழுத்தும் சேர்த்து இயக்குதலாகும். அப்போது ஒவ்வொரு படியும் திரையில் தோன்றும். அதில் இரு வரிகளைத் தேடுங்கள். "ஒபரிங் பப்ளிக் கீ" என்பது எமது கணினி சாவியை முன்வைத்துள்ளது என்பதாகும். "சேர்வர் அக்செப்ட்ஸ் கீ" என்பது சேவையகம் அதனை ஏற்றது என்பதாகும். முதல் வரியில் உங்கள் சாவியின் பெயர் வரவேயில்லை எனில் தவறு எமது பக்கத்திலாகும். கோப்பின் பெயர் அல்லது இடம் பிழை. முதல் வரி உண்டு, இரண்டாவது இல்லை எனில் தவறு பெரும்பாலும் சேவையகத்தின் பக்கத்திலாகும். இரண்டும் உண்டு, அதன் பின்னரே தோல்வி எனில் அந்தரங்கச் சாவியைப் பாருங்கள்: அது அப்பொதுச் சாவியின் சோடி அல்லாதிருக்கலாம், அல்லது அதனைத் திறக்க முடியாதிருக்கலாம்.

கூடுதலாகத் திறந்ததனால் மூடிய கதவு

இனி இக்கட்டுரையின் முக்கிய பகுதிக்கு வருவோம். "அனுமதி மறுக்கப்பட்டது" என்ற செய்தியைக் கண்டவுடன் புதியவர்கள் செய்வது, எல்லாக் கோப்புகளுக்கும் 777 என்ற அனுமதியை வழங்குவதாகும். அனுமதி போதாமையால் மறுக்கப்பட்டது என எண்ணுகின்றனர். உண்மையில் அனுமதி மிகையாக இருப்பதே பல வேளைகளில் மறுப்புக்குக் காரணம். 777 வழங்கியவுடன் அதுவரை சரியாக இயங்கிய உள்நுழைவும் நின்றுவிடும்.

அனுமதி இலக்கங்களை நினைவுகூருங்கள். வாசித்தல் 4, எழுதுதல் 2, நிறைவேற்றல் 1. முதல் இலக்கம் உரிமையாளருக்கும், இரண்டாவது குழுவுக்கும், மூன்றாவது ஏனையோருக்கும் உரியன. 755 எனில் உரிமையாளருக்கு 4+2+1, குழுவுக்கு 4+1, ஏனையோருக்கு 4+1 ஆகும்.

ஓப்பன் எஸ்.எஸ்.எச். சேவையகத்தில் ஸ்ட்ரிக்ட் மோட்ஸ் என்றொரு அமைப்பு உண்டு. அது இயல்பிருப்பாகவே இயங்குநிலையில் இருக்கும். சாவிக் கோப்பை நம்புவதற்கு முன்னர் அது மூன்றைப் பரிசோதிக்கின்றது: பயனரின் ஹோம் கோப்புறை, அதனுள் எஸ்.எஸ்.எச். கோப்புறை, அதனுள் ஓதரைஸ்ட் கீஸ் கோப்பு. மூன்றினதும் உரிமையாளர் அப்பயனராகவோ ரூட்டாகவோ இருத்தல் வேண்டும். குழுவுக்கோ ஏனையோருக்கோ எழுதும் உரிமை இருத்தலாகாது. எழுதும் உரிமையின் பெறுமானம் 2 ஆதலால், இரண்டாம் அல்லது மூன்றாம் இலக்கம் 2, 3, 6, 7 ஆகியவற்றில் ஒன்றாயின் சாவி மறுக்கப்படும். 755 ஏற்கப்படும், 775 ஏற்கப்படாது. 644 ஏற்கப்படும், 664 ஏற்கப்படாது. (டெபியன், உபுண்டு வெளியீடுகளில் ஒரு சிறு விதிவிலக்கு உண்டு: குழுவில் அப்பயனர் மட்டுமே இருப்பின் குழுவுக்குரிய எழுதும் உரிமை பொறுத்துக்கொள்ளப்படும். விடையில் பொது விதியை எழுதினால் போதும்.)

ஏன் இவ்வளவு கடுமை? இதனை விளங்கிக்கொண்டால் இலக்கங்களை மனனம் செய்யத் தேவையில்லை. பாடசாலைக் கணினி ஆய்வுகூடத்தில் நாற்பது மாணவர்களும் ஒரே குழுவில் உள்ளனர் எனக் கொள்வோம். உங்கள் ஓதரைஸ்ட் கீஸ் கோப்பில் குழுவினர் எழுதலாம் எனில், பக்கத்து மாணவர் தனது பொதுச் சாவியை அதில் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டு, தனது அந்தரங்கச் சாவியால் உங்கள் பெயரில் உட்புகலாம். உங்கள் கடவுச்சொல்லை அவர் அறிய வேண்டியதில்லை. கோப்பு பூட்டப்பட்டிருந்தாலும் ஹோம் கோப்புறையில் எழுத முடிந்தால் போதும்; உள்ளிருக்கும் எஸ்.எஸ்.எச். கோப்புறையின் பெயரை மாற்றிவிட்டு, அதே பெயரில் தனது கோப்புறையை அவர் வைத்துவிடுவார். கோப்பு மட்டுமன்றி அதன் மேலுள்ள கோப்புறைகளும் பரிசோதிக்கப்படுவதன் காரணம் இதுவே. வேறொருவர் மாற்றியிருக்கக்கூடிய பட்டியலைச் சேவையகம் நம்ப மறுக்கின்றது. அவ்வளவுதான்.

இந்நிலையில் பதிவுக் கோப்பில் "பாட் ஓனர்ஷிப் ஓர் மோட்ஸ்" என்ற சொற்களும் குற்றமுள்ள கோப்புறையின் பெயரும் காணப்படும். திருத்தம் எளிது: சிஎச்மொட் கட்டளையால் ஹோம் கோப்புறைக்கு 755 அல்லது 700, எஸ்.எஸ்.எச். கோப்புறைக்கு 700, ஓதரைஸ்ட் கீஸ் கோப்புக்கு 600. ஸ்ட்ரிக்ட் மோட்ஸ் அமைப்பையே நிறுத்திவிடுமாறு சிலர் ஆலோசனை கூறுவர். பூட்டு இறுக்கமாக உள்ளது என்பதற்காகக் கதவைக் கழற்றி வைப்பது போன்றது அது.

உரிமையாளர் பிழையும் அடிக்கடி நிகழ்வது. நிருவாகி ரூட் கணக்கிலிருந்து இன்னொருவருக்காக ஓதரைஸ்ட் கீஸ் கோப்பை உருவாக்கினால் அதன் உரிமையாளர் ரூட் ஆகிவிடும். அதற்கு 600 அனுமதியும் கொடுத்தால், பயனரின் அதிகாரத்துடனேயே அக்கோப்பைத் திறக்க முயலும் சேவையகத்தால் அதனை வாசிக்க முடியாது. இலக்கம் சரி, ஆள் பிழை. சிஎச்ஓன் கட்டளையால் உரிமையாளரை மாற்றுதல் வேண்டும்.

அந்தரங்கச் சாவிக்கு விதி இன்னும் கடுமையானது. குழுவுக்கும் ஏனையோருக்கும் வாசிக்கும் உரிமைகூட இருத்தலாகாது. 600 அல்லது 400 மட்டுமே பொருத்தமானவை. 644 ஆக இருந்தால் "அன்புரொடெக்டட் பிரைவேட் கீ பைல்" என்ற பெரிய எச்சரிக்கை தோன்றி, அச்சாவி பயன்படுத்தப்படாது விடப்படும். இப்பரிசோதனையைச் செய்வது பயனரின் சொந்தக் கணினியாகும், சேவையகமன்று. சாவியைப் பென் டிரைவில் கொண்டுவந்து அதிலிருந்தே பயன்படுத்த முயல்பவர்களுக்கு இது அடிக்கடி நேரும். பென் டிரைவ்களில் வழக்கமாகவுள்ள பெட் வகைக் கோப்பு முறைமை லினக்ஸ் அனுமதிகளைச் சேமிப்பதில்லை. ஆகவே சிஎச்மொட் இட்டும் மாற்றம் ஏற்படாது. கோப்பை ஹோம் கோப்புறைக்குப் பிரதி செய்த பின்னர் 600 வழங்குக.

எழுத்துப் பிழைகளும் ஒட்டுதற் பிழைகளும்

இலங்கையில் நாம் பிரித்தானிய ஆங்கில எழுத்துக்கூட்டலைக் கற்பவர்கள். ஓதரைஸ்ட் என்ற சொல்லை 'எஸ்' இட்டு எழுதுவதே எமக்குப் பழக்கம். ஆனால் கோப்பின் பெயரில் இருப்பது 'இசெட்' ஆகும். 'எஸ்' இட்டு உருவாக்கிய கோப்பைச் சேவையகம் தேடுவதில்லை, பிழைச் செய்தி எதுவும் காட்டுவதுமில்லை. ஒரே எழுத்து, தேடினால் அரை நாள்.

ஒரு பொதுச் சாவி ஒரே வரியில் இருத்தல் வேண்டும். திரையிலிருந்து பிரதி செய்து ஒட்டும்போது வரி இரண்டாக முறிந்தால் அச்சாவி பயனற்றதாகும். விண்டோஸ் கணினியில் புட்டி மென்பொருளின் சாவி உருவாக்கியைப் பயன்படுத்துவோர் இன்னொன்றையும் அறிதல் வேண்டும். அதில் பொதுச் சாவியைச் சேமிக்கும் பொத்தானை அழுத்தினால் பல வரிகள் கொண்ட வேறு வடிவத்தில் சேமிக்கப்படும். ஓதரைஸ்ட் கீஸ் கோப்பில் இடவேண்டியது அதுவன்று. சாளரத்தின் மேற்பகுதிப் பெட்டியிலுள்ள ஒற்றை வரியாகும். லினக்ஸ் கணினியிலிருந்து அனுப்புவதாயின் எஸ்.எஸ்.எச். கொப்பி ஐடி என்ற கட்டளை, கோப்புறையை உருவாக்கி, சாவியைச் சேர்த்து, அனுமதிகளையும் ஒழுங்குசெய்துவிடும். கையால் ஒட்டுவதிலும் இது சிறந்தது.

பழைய சாவிகள்

நேற்றுவரை இயங்கிய சாவி மென்பொருளை மேம்படுத்திய பின்னர் மறுக்கப்படின், வழிமுறை காலாவதியாகியிருக்கலாம். டி.எஸ்.ஏ. வகைச் சாவிகள் 2015 இல் வெளிவந்த 7.0 பதிப்பிலிருந்து இயல்பிருப்பாக ஏற்கப்படவில்லை. 2025 இல் வெளிவந்த 10.0 பதிப்பில் முற்றாக நீக்கப்பட்டன. 2021 இல் வெளிவந்த 8.8 பதிப்பு, ஷா-1 முறையிலான ஆர்.எஸ்.ஏ. கையொப்பங்களை இயல்பிருப்பாக நிறுத்தியது. இதனை ஆர்.எஸ்.ஏ. சாவிகளே தடைசெய்யப்பட்டதாகச் சிலர் எழுதுகின்றனர். அது பிழை. சாவி அதேதான், கையொப்பத்தில் பயன்படும் பழைய ஹாஷ் முறையே நிறுத்தப்பட்டது. மிகப் பழைய மென்பொருளுடன் பேசும்போதே இது தடையாகும். புதிதாகச் சாவி உருவாக்குவோர் ஈ.டி. 25519 வகையைத் தெரிவுசெய்யலாம்.

சாவி சரியாக இருந்தும் மறுக்கப்படவேண்டிய நிலையும் ஒன்று உண்டு. டெபியன் வெளியீட்டின் ஓப்பன் எஸ்.எஸ்.எல். பொதியில் 2006 இல் செய்யப்பட்ட ஒரு மாற்றத்தால் எழுமாற்று எண் உருவாக்கி பழுதடைந்தது. 2008 மே மாதத்தில் இது வெளிப்பட்டது. அதுவரை அவ்வகைக் கணினிகளில் உருவான சாவிகள், ஒரே வகையிலும் நீளத்திலும் 32,767 சாத்தியங்களுக்குள் அடங்கிவிட்டன. அவை அனைத்தையும் முன்கூட்டியே உருவாக்கி ஒவ்வொன்றாகப் பரீட்சிப்பது எவருக்கும் இயலுமாயிற்று. அச்சாவிகளின் கறுப்புப் பட்டியலுடன் திருத்தம் வெளியிடப்பட்டதும் பலரது உள்நுழைவு திடீரென நின்றது. அங்கு செய்யவேண்டியிருந்தது பழைய சாவியை மீட்பதன்று, புதிய சாவியை உருவாக்குவதே.

ஏனையவை சுருக்கமாக

முகவர் மென்பொருளில் பல சாவிகள் இருந்தால் ஒவ்வொன்றாக முன்வைக்கப்படும். சேவையகம் இயல்பிருப்பாக ஓர் இணைப்பில் ஆறு முயற்சிகளையே அனுமதிக்கும். சரியான சாவி ஏழாவதாக இருந்தால் அதன் முறை வருவதில்லை. "டூ மெனி ஓதெந்திகேஷன் பெயிலியர்ஸ்" எனத் தோன்றும். பயன்படுத்தவேண்டிய சாவியை ஐடென்டிட்டீஸ் ஒன்லி என்ற தெரிவுடன் குறிப்பிடுக. ரெட் ஹெட் வகைகளில் அனுமதிகள் யாவும் சரியாயிருந்தும் மறுக்கப்பட்டால் எஸ்.ஈ. லினக்ஸ் முகப்புச்சீட்டு மாறியிருக்கலாம். ரெஸ்டோர்கொன் கட்டளை அதனைச் சீராக்கும். அமைப்புக் கோப்பில் அலவ் யூசர்ஸ் பட்டியல் இருந்து உங்கள் பெயர் அதில் இல்லையெனில் எந்தச் சாவியும் பயன்படாது.

அமைப்புக் கோப்பைத் திருத்துவோர் கட்டாயம் கடைப்பிடிக்கவேண்டியது ஒன்றுண்டு. ஏற்கனவே உட்புகுந்துள்ள சாளரத்தை மூடலாகாது. சேவையை மீள ஆரம்பித்தாலும் அவ்விணைப்பு அறுபடுவதில்லை. எஸ்.எஸ்.எச்.டி. கட்டளையை 'டி' தெரிவுடன் இயக்கி எழுத்துப் பிழைகளைப் பரிசோதித்து, மீள ஆரம்பித்து, இரண்டாவது சாளரத்திலிருந்து உட்புகுந்து பார்க்கவும். அது வெற்றியளித்த பின்னரே கடவுச்சொல் முறையை நிறுத்தவும். இவ்வொழுங்கு மாறினால், வேறு ஊரில் இருக்கும் சேவையகத்தின் முன்னால் நேரே சென்று அமரவேண்டி வரும்.

மாதிரி வினா

ஆய்வுகூடச் சேவையகம் ஒன்றில் மாலா எனும் பயனரால் சாவிமுறையில் உட்புக முடியவில்லை. விதிவிலக்கு எதுவும் இல்லையெனக் கொள்க. நிருவாகி கண்ட விபரம் வருமாறு:

ஹோம் கோப்புறை – உரிமையாளர் மாலா, குழு மாணவர், அனுமதி 775
எஸ்.எஸ்.எச். கோப்புறை – உரிமையாளர் மாலா, குழு மாணவர், அனுமதி 700
ஓதரைஸ்ட் கீஸ் கோப்பு – உரிமையாளர் ரூட், குழு ரூட், அனுமதி 600

(அ) மறுப்புக்கான இரு காரணங்களைத் தருக.
(ஆ) மூன்றுக்கும் 777 வழங்கலாம் என்ற ஆலோசனையை ஏற்பீரா?
(இ) திருத்தும் முறையைக் கூறுக.
(ஈ) திருத்திய பின் மாலா மீண்டும் முயன்றபோது "என்டர் பாஸ்பிரேஸ் போர் கீ" எனக் கேட்கப்பட்டது. சாவிமுறை தோல்வியடைந்ததா?

விடை

(அ) ஹோம் கோப்புறையின் குழு இலக்கம் 7, அதாவது 4+2+1. குழுவினருக்கு எழுதும் உரிமை உண்டு. ஆகவே சேவையகம் சாவிப் பட்டியலை நம்ப மறுக்கும். ஓதரைஸ்ட் கீஸ் கோப்பை ரூட் மட்டுமே வாசிக்கலாம். மாலாவின் அதிகாரத்துடன் திறக்க முயலும்போது அது திறவாது.

(ஆ) ஏற்க முடியாது. குழுவுக்கும் ஏனையோருக்கும் எழுதும் உரிமை கிடைப்பதால் எவரும் தமது பொதுச் சாவியைச் சேர்த்து மாலாவின் பெயரில் உட்புக இடமுண்டாகும். அதனாலேயே சேவையகம் தொடர்ந்தும் மறுக்கும்.

(இ) சிஎச்மொட் கட்டளையால் ஹோம் கோப்புறையின் அனுமதியை 755 ஆக்குதல். சிஎச்ஓன் கட்டளையால் கோப்பின் உரிமையாளரை மாலாவாக மாற்றுதல். எஸ்.எஸ்.எச். கோப்புறையில் மாற்றம் தேவையில்லை.

(ஈ) இல்லை. கேட்கப்படுவது சேவையகக் கணக்கின் கடவுச்சொல் அன்று. அந்தரங்கச் சாவிக் கோப்பைத் திறப்பதற்கான மறைசொற்றொடர். அதனைக் கேட்பது மாலாவின் சொந்தக் கணினியாகும். அச்சொற்றொடர் வலையமைப்பினூடாக அனுப்பப்படுவதில்லை.